எட்டாவது பிளக்

சிலிம் ரிவர் தாண்டி மூணாங்கட்டையில்
நின்றுபோனது டைகர்.
செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரன்
கயிறு கட்டி இழுத்து வந்து
என் பட்டறை வாசலில் விட்டுப் போனான்.
இருபது வெள்ளி வாங்கிக்கொண்டான்.
கூட வந்தவர் ஈப்போ பல் டாக்டர் தர்மசீலன்.
அந்த வெயிலிலும் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"உடம்பு இங்கிலாந்து.
இதயம் அமெரிக்கா, ஃபோர்டு வி-எட்டு.
அறுபத்தைந்தில் பிறந்தது.
மெதுவா, தங்கச்சி."

பானட்டைத் தூக்கினேன்.
சம்பந்தம் பேசியவர்கள்
அளவு பார்க்காமல் பேசிவிட்டார்கள் போல.
லயத்து வீட்டுக்குள் பங்களா அலமாரி.
இடம் பத்தாமல் உட்சுவரைச்
சுத்தியலால் தட்டித் தட்டி
உள்ளே வாங்கியிருக்கிறார்கள்.

ஏழு பிளக் கழற்றினேன்.
எட்டாவது எட்டவில்லை.

கார் கிராண்டை டாக்டர்
பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்.
டார்ச் பிடித்த எல்லப்பண்ணன்
தன் சிவப்பு அட்டையையும்
அப்படித்தான் வைத்திருக்கிறார்.

"அதுக்கு வெளியிலிருந்து வழி இல்லை," டாக்டர் சிரித்தார்,
விடை தெரிந்த பையன் போல.
இடப்பக்கக் கால்மாட்டில்
விரிப்பைத் தூக்கிக் காட்டினார்.
ஒரு ஓட்டை.
ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி.
அத்தனை வருடச் சூட்டில் வெந்தும்
விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது.
நெம்பியதில் என் நகம் போனது.

குப்புறப் படுத்துக் கையை விட்டேன்.
டாக்டருக்கு மணிக்கட்டோடு நின்ற இடம்
எனக்கு முழங்கை வரை போனது.
கரி பூசி வந்தது எட்டாவது.

எல்லப்பண்ணன் மூடியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார்.
"உடம்பு அங்க, இதயம் இங்க. சரி.
இது எந்த ஊரு?"

"அது வெறும் ரப்பர்தானே, அண்ணே."

"அறுபத்தஞ்சுல எங்கம்மா
தினம் நானூறு மரம் சீவுச்சு," என்றார்
யாரிடமும் இல்லாமல்.
"நான் வயித்துல."

டாக்டர் கைப்பேசியைப் பார்த்தார்.

சோப்புத் தண்ணீரில் கழுவி
மூடியைத் திரும்ப அழுத்தினேன்.
சாவியைத் திருப்பியதும்
பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.
பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில்
தேத்தண்ணி குடித்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

பில் எழுதினேன்:
பிளக் எட்டு.
கூலி நூற்றிருபது.
ரப்பர் மூடி, பழசு, கழுவிப் போட்டது: சும்மா.

செம்பனை வரிசைக்குப் பின்னால்
உறுமல் தேய்ந்த பிறகும்
எல்லப்பண்ணன் விரலை முகர்ந்துகொண்டு நின்றார்.
"இடது பக்க பிரேக் லைட் எரியல," என்றார்.