எர்த்து

பஞ்சாயத்து என் கடைக்கு வந்தபோது
ராத்திரி ஒன்பதே முக்கால்.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
முன்னால் செலஸ்டினின் பழைய இண்டிகா,
பம்பர் ஒரு பக்கம் தொங்க.
பின்னால் ஒரு கண் போன ஷேர் ஆட்டோவில் கஜபதி.
அதற்குள்ளே எர்ணாவூர் போய்ச் சேராத மூன்று சவாரிகள்,
ஒருத்தி மடியில் நண்டுக் கூடை.

"பிரேக் அடிச்சா லைட்டு வரணுமா வேணாமாண்ணா?
டோல்கேட்டாண்ட கும்மிருட்டு.
நான் எதைப் பாத்து நிப்பேன்?"
"எரியுதுடா. காலைல பங்க்குல
பெட்ரோல் போடற பையனை நிக்கவெச்சுப் பாத்தேன்.
ரெண்டும் எரிஞ்சுது."

செலஸ்டின் பெரிய மகள்மேல் சத்தியம் செய்தான்.
கஜபதி ஆட்டோமேல்.
ஆட்டோ இன்னும் பாங்க்குக் கடனில் இருப்பதால்
அது பாதி சத்தியம்தான்.

குந்தினேன்.
"மிதி" என்றேன்.
சிவப்பு. இரண்டு பக்கமும்.
கொஞ்சம் சோகை பிடித்த சிவப்பு, ஆனாலும் சிவப்பு.
செலஸ்டின் கதவு வழியாகத் தலையை நீட்டினான்.
தன் வண்டியின் முதுகை அவனால் பார்க்க முடியாது.
எங்கள் முகம் சிவந்திருப்பதைப் பார்த்துச்
சிரித்தான்.

கஜபதி சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்தான்.

அப்போது நண்டுக்காரி,
கூடையைக்கூட இறக்காமல்:
"அங்க வரும்போது ஹெட்லைட்டு போட்டிருந்தான்.
இப்போ அணைச்சு வெச்சிருக்கான்.
போடச் சொல்லு."

போட்டான்.
பின்னால் சின்னச் சிவப்புகள் இரண்டு விழித்தன.
"மிதி."
விழித்ததும் செத்தது.
இண்டிகேட்டர் மூலையில் மட்டும்
யாரோ ஒளிந்து நின்று பீடி இழுப்பதுபோல்
ஒரு மஞ்சள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை சுலபம்.
பல்பு நல்லது. ஃபியூஸ் நல்லது.
பெடலுக்கு மேலே சுவிட்சு, மிதிக்கு மிதி "டிக்".
டெஸ்ட் லாம்பைக் குத்தினால் குத்திய இடமெல்லாம் எரிகிறது.
கரெண்ட் வருவதில் குறையே இல்லை,
வந்தது திரும்பிப்போகத்தான் வழியில்லை.
அதனால் அது அடுத்த பல்புக்குள் புகுந்து,
அங்கும் ஆள் இருக்கக் கண்டு
நடு வழியில் நிற்கிறது.

டிக்கி கார்ப்பெட்டைக் கிழித்தேன்.
மீன் நாற்றம் முதலில் வந்தது, அப்புறம்தான் போல்ட்.
காசிமேட்டு ஐஸ் பெட்டியின் தண்ணீர்
மூன்று மழைக்காலமாய் அதன்மேல் சொட்டியிருக்கிறது.
கறுப்பு ஒயரின் வளையம்
பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது.

"அப்போ தப்பு யாருது?" என்றான் கஜபதி.
"எர்த்து" என்றேன்.
"அது யாரு?"

எமெரித் தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்தேன்.
கன்டெய்னர் ஒன்று போனது,
தரையோடு சேர்ந்து ஸ்பானரும் நடுங்கியது.
புது வளையம், கொஞ்சம் கிரீஸ், பத்தாம் நம்பரால் இறுக்கு.
ஹெட்லைட். மிதி.
நண்டுக் கூடையின் ஓட்டைகள் வழியாக
கால்கள் எல்லாம் சிவந்தன.

பம்பருக்கு யார், கண்ணாடிக்கு யார் என்று
மறுபடி தொடங்கியபோது அவள் எழுந்தாள்.
"எங்களை வூட்ல வுட்டுட்டு அடிச்சிக்கிங்க."
மூன்று பேரும் இண்டிகாவில் ஏறினார்கள்.
கஜபதி ஒற்றைக் கண்ணோடு பின்னால்.

தெரு முனை திரும்பும்வரை
தேவையே இல்லாமல் பிரேக்கை மிதித்தபடி போனான் செலஸ்டின்.
"எரியுதா?"
"எரியுது, போ!"
"இப்போ?"
"எரியுதுடா டேய், போய்த் தொலை!"

சத்தம் லாரிகளுக்குள் கரைந்த பிறகுதான்
கையில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு
நினைவு வந்தது:
இருநூறு ரூபாய்
யாரும் தரவில்லை.