நாலாங் கேள்வி

காலையில் எழுத்துப் பரீட்சை முடிந்தது.
நிரல் எழுதத் தெரியுமென்று மூவர் நிரூபித்துவிட்டார்கள்.
பகல் சோற்றுக்குப் பிறகு
மனிதரோடு இருக்கத் தெரியுமா என்று பார்க்க வேண்டும்.
ஆளுக்கு இருபது நிமிடம்.

மட்டக்களப்பு, திருகோணமலை வீதி.
இரும்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள்.
கீழே கம்பி வெட்டுகிற சத்தம்
ஒவ்வொரு பதிலிலும் ஒரு சொல்லைத் துண்டித்துக்கொண்டு போகிறது.
நடுவில் ஸர்ஜூன் சேர்.
மடிக்கணினியில் கொழும்பிலிருந்து ஒரு முகம்,
பாதி நேரம் வாய் திறந்தபடி உறைந்து.
ஓரத்தில் நான், பேனையும் படிவமும்.

தொடர்பாடல். குழுவாக இயங்கல். அழுத்தம் தாங்கல்.
தலைமைத்துவம். முரண்பாட்டைக் கையாளல்.
எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில்: மென்திறன்.
மென் என்றால் மிருது என்றுதான் படித்தேன்.
இந்தக் கதிரையில் நாலு வருடம் இருந்த பிறகு
மென்று விழுங்கும் திறனோ என்றும் படுகிறது.

முதலாவது லுக்ஷாயினி, ஆரையம்பதி.
அளவுக்கு மீறி உழைப்பதே தன் பலவீனம் என்றாள்.
கொழும்பு உருகித் தலையசைத்தது.
இரண்டாவது ஃபஸ்மீர், ஏறாவூர். அவருக்கும் அதே பலவீனம்,
ஒரே யூடியூபில் தொற்றிய வருத்தம்போல.
எட்டு, எட்டு, ஏழு.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
நானும் ஒருகாலம் அதைத்தான் சொன்னேன்.

மூன்றாவது சபேஸ்கரன், கிரான் பக்கம்.
ஒரு சொல் வருமுன்
கீழ்த்தாடை நாலைந்து தரம் அசையும்.
'உங்களுக்கு மேல உள்ள ஒராளோட
கருத்து வேறுபட்ட சந்தர்ப்பம் ஒண்டு சொல்லுங்க தம்பி.'
கம்பிச் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்தான்.
'இ... இண்டைக்குக் காலம சேர்.
அந்த நா... நாலாங் கேள்வி.
அதுக்கு விடை இல்ல. தந்த நாலுமே பிழை.
ஏன் பிழையெண்டு பின்பக்கம் எழுதியிருக்கன்.'

வினாத்தாள் சேர் தயாரித்தது.
பல் தெரியச் சிரித்தார்.
'அத இன்னுங் கொஞ்சம் பக்குவமாச் சொல்லலாந்தானே?'
அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.
'எ... எப்பிடிச் சேர்?'
கேலியில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.
எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.
கொழும்பு சரியாக அந்த இடத்தில் உறைந்திருந்தது.

கதவு சாத்தியதும் சேர் சொன்னார்,
'கெட்டிக்காரன்தான். ஆனா கஸ்டமரோட பேச விட ஏலா.'
தொடர்பாடல் மூன்று. முரண்பாடு இரண்டு.
'நீங்க என்ன சொல்றீங்க மிஸ்?'

நேற்று மாலை ஆறு மணிக்கு
போட்டோக்கொப்பி மெஷினிலிருந்து சுடச்சுட எடுத்தபோதே
நாலாங் கேள்வியைக் கண்டவள் நான்.
தாளோடு சேரின் கதவுவரை போனேன்.
'கொப்பி சரியா வந்திருக்கா?' என்றார், தலை நிமிராமல்.
'ஓம் சேர், நல்ல தெளிவு.'
சொல்லிவிட்டுக் கல்லடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

இப்போதும் வாய்க்குள் ஏதோ கிடந்தது.
தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது; அதோடு சேர்த்து இறக்கினேன்.
'மூண்ட நாலாக்கலாம் சேர்,' என்றேன்.
நாலானது.
அதற்கே எனக்கு நெஞ்சு இடித்தது.

அலுமாரியில் என் கோவையும் இருக்கிறது.
அதே படிவம், மங்கிய பிரதி, சேரின் கையெழுத்து.
தொடர்பாடல்: பத்துக்கு ஒன்பது.
முரண்பாட்டைக் கையாளல்: ஒன்பதரை.

எல்லோரும் போன பிறகு
நாலாங் கேள்வியைத் திறந்தேன்.
அவன் பின்பக்கம் எழுதியதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தி,
அடுத்த முறைக்கென்று சேமித்து வைத்தேன்.

யாருக்கும் சொல்லவில்லை.