இரண்டரை பாகம்

பிராஸ் பாசாவில் நான்காம் மாடி.
க்வெக்கின் கடையில் கையைத் துடைத்துவிட்டுத்தான்
காகிதத்தைத் தொட வேண்டும்.
தட்டை இழுப்பறையைத் தன் வயிறு வரை இழுத்து
ஒவ்வொன்றாக விளக்கில் பிடிக்கிறார்,
எக்ஸ்ரே காட்டும் மருத்துவரைப் போல.

முதலில் ஒரு கல்லச்சுப் படம்.
குன்றிலிருந்து ஊரின் தோற்றம்.
முன்னால் மூன்று பேர் தலைப்பாகையோடு
ஒன்றும் செய்யாமல் நிற்கிறார்கள்.
"வரைந்தவன் இந்தப் பக்கமே வந்ததில்லை.
ஆட்களை லண்டனில் சேர்த்தார்கள்" என்றார் க்வெக்.
"அதனால்தான் யாருக்கும் வேர்க்கவில்லை."

வாங்கவில்லை.

பிறகு இது.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு, தென்கிழக்குக் கரை.
தஞ்சோங் காத்தோங் என்று மெலிந்த எழுத்து,
அதன் கீழே கடல்,
கடல் முழுக்க எண்கள்,
சர்க்கரை சிந்திய இடத்தில் எறும்பு போல.
இடது ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள்.
ஏதோ ஒரு புத்தகத்தின் முதுகிலிருந்து
அறுத்தெடுத்திருக்கிறார்கள்.
கேட்டேன். "நான் அறுக்கவில்லை" என்றார்.
நானும் அறுக்கவில்லை. வாங்கினேன், அவ்வளவுதான்.
அறுநூற்று எண்பது வெள்ளி.
வீட்டில் நூற்றெண்பது என்று சொன்னேன்.

வெயில் படாத சுவர் வேண்டும் அதற்கு.
எங்கள் வீட்டில் அப்படி ஒன்றே ஒன்று,
கழிவறைக்கும் சமையலறைக்கும் நடுவில்.
மாட்டிய இரவு, கைபேசியில் இன்றைய தெருப்படத்தை
அதே அளவுக்குச் சுருக்கி, விரித்து,
மரீன் பரேட்டைத் தேடினேன்.
இல்லை.
எங்கள் புளோக், பாலர் பள்ளி, பேருந்து நிறுத்தம்
எல்லாமே எண்களுக்கு நடுவில்.
என் அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டரை.
அதை ஒட்டி, சேற்றைக் குறிக்கும் ஒற்றை எழுத்து.

சில நாள்
செருப்பில்லாமல் அடுப்படிக்குப் போகவில்லை நான்.

ஈயக் குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி
கயிற்றில் இறக்குவார்களாம்.
ஒட்டி வருவதைப் பார்த்து
மணல், சிப்பி, சேறு என்று குறிப்பார்களாம்.
குறித்தவர் பெயர் மூலையில் இருக்கிறது,
சுருள் சுருளாக, பதவியோடு.
குண்டை எறிந்தவன் பெயர் இல்லை.
இருக்கும் என்று நான் தேடவும் இல்லை.
ஆனால் எண்ணை அவன்தான் கத்தியிருக்க வேண்டும்,
படகின் முனையிலிருந்து, காற்றுக்கு எதிராக.
எந்த மொழியில் கத்தினானோ,
பேனாவுக்கு வந்து சேர்ந்தபோது
வெறும் 2½.

ஜூனில் கழுவுதொட்டிக்குக் கீழே குழாய் வெடித்தது.
பழுது பார்க்க வந்தவர் பக்கீர் நைனா,
தொண்டிக்காரர்.
முழங்கால் நனைந்து எழுந்தவர்
எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"கடல் கணக்கா இது?
அடியா மேடம், பாகமா?"

பாகம் என்றால் எனக்குச் சொத்தில்தான் தெரியும்.

ஸ்பானரைத் தரையில் வைத்தார்.
இரு கைகளையும் விரித்தார்.
இடது நடுவிரல் ஜன்னல் கம்பியில்,
வலது நடுவிரல் குளிர்பெட்டியின் கதவில்.
"இது ஒண்ணு."
வலது நின்ற இடத்தில் இடதை வைத்து
மறுபடி விரித்தார். "ரெண்டு."
பிறகு ஒரு கையை மட்டும்,
நெஞ்சின் நடுவிலிருந்து.
"அரை."
அரை போய் முடிந்த இடம்
படத்தின் கண்ணாடி.

"இவ்வளவு தண்ணி, மேடம்.
ஆள் முங்கலாம், கப்பல் நிக்காது" என்று
குழாய்க்கே திரும்பிப் போனார்.

ஈர விரலின் தடம்
தஞ்சோங் காத்தோங்கிலிருந்து கொஞ்சம் தெற்கே,
எண் எதுவும் எழுதப்படாத நீரில்.

தொண்ணூறு வெள்ளி ஆயிற்று.
வீட்டிலும் தொண்ணூறு என்றே சொன்னேன்.
ரசீதில் அவர் பெயரைப் போடச் சொன்னேன்.
சிரித்தார். "கம்பெனி பேர்தான் மேடம் போடணும்,
என் பேர் எதுக்கு?"
முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

அவர் போனதும்
பருத்தித் துணி எடுத்து
கண்ணாடியைத் துடைத்தேன்,
க்வெக் சொல்லிக் கொடுத்தபடி,
நடுவிலிருந்து ஓரத்துக்கு.