ஐஸ் உடைக்கிற வீடு

வேலைக்குச் சேர்ந்த அன்று
திரையில் பம்பாயிலிருந்து பட்வர்தன் சொன்னார்:
"லெட்ஸ் பிரேக் தி ஐஸ்."
நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
எங்கள் வீட்டில் அது ராத்திரி இரண்டு மணி வேலை.
காசிமேட்டில் தேசிங்கு, என் அண்ணன்,
பார் ஐஸை மிஷின் வாயில் தள்ளுகிறான்.
கையுறை இல்லை, கிழிந்த கோணிதான்.
விடிகிற நேரம் அவன் விரல்கள்
வேறு யாருடையதோ போல
டீ கிளாஸைப் பிடிக்கும்.

இங்கே பெயரும் பிடித்த கலரும் சொல்லிச்
சிரித்தால் போதுமாம்.
உடைந்துவிட்டதாம்.

செகண்ட் லைன் பீச்சில் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள்
நேற்று நின்ற இடத்திலேயே நிற்கின்றன.
பழைய டைரியின் பின்பக்கத்திலிருந்து
எழுதிக்கொண்டு வருகிறேன்,
காதில் விழுவதையெல்லாம்.

ஒன்ஸ் இன் எ புளூ மூன்.
வீட்டில் படித்துக் காட்டினேன்.
"நீல நெலாவா? அமாவாசையா, பௌர்ணமியா,
அத்த சொல்லு மொதல்ல" என்றான் தேசிங்கு.
அத்தி பூத்தாப்ல என்று அர்த்தம், என்றேன்.
"நீ அத்திப்பூ பாத்துருக்கியா?"
இல்லை.
"அப்போ ரெண்டும் ஒண்ணுதான், எழுதிக்கோ."

மழை பூனையும் நாயுமாகப் பெய்யும் என்பதை
அவனிடம் சொல்லவில்லை.
போன டிசம்பரில் எங்கள் தெருவில்
இரண்டும் மிதந்து போயின.

ஒருநாள் ஏதோ பில்லைப் பார்த்து
"சம்திங் ஸ்மெல்ஸ் ஃபிஷி" என்றார் பட்வர்தன்.
என் கை தானாகத் துப்பட்டாவை
மூக்கருகே கொண்டு போனது.
பக்கத்து சீட் ஷர்மிளி பார்த்துவிட்டாள்.
ஒன்றும் பேசவில்லை.
தன் ஹேண்ட் கிரீமை
என் மேஜைக்கு நகர்த்தி வைத்தாள்.

அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. சந்தேகமாம்.
மீனில் என்ன சந்தேகம்?
செவுளைத் தூக்கினால் சிவப்பு இருக்கும்,
இல்லையென்றால் இருக்காது.
அந்த பில்லுக்குச் செவுளே கிடையாது.

ஜூலையில் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது.
வீ ஆர் ஆல் இன் தி சேம் போட்.
தேசிங்கு டீயைக் கீழே வைத்தான்.
"எத்தினி பேரு?"
நூத்துப் பத்து.
"பங்கு எப்படி?"
பங்கெல்லாம் இல்ல.
"டீசல் காசு, ஐஸ் காசு கழிச்சிட்டு
மீதிய பிரிக்கணும் இல்ல?
கை வெட்டுப்பட்டுக் கரையில நின்னானே செங்கேணி,
அவனுக்கே அரைப் பங்கு போச்சு.
சரி, உங்காளு
எந்தப் பக்கம் நின்னு தண்ணி எறைக்கிறாரு?"

மறுவாரம் ஷர்மிளியை
லெட் கோ செய்தார்கள்.
பிடித்த கையை விடுவது, என்று எழுதினேன்.
அப்படியானால் யாரோ பிடித்திருக்க வேண்டுமே,
என்று யோசித்து அடித்தேன்.
"கல்தான்னு எழுது" என்றான் அண்ணன்,
"ஒத்த வார்த்தை. அதுவும் யாரும்
சிரிச்சிக்கினே சொல்லமாட்டான்."

அவள் மேஜையில் கிரீம் டியூப்
மூடியில்லாமல் கிடந்தது.
எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்,
திருடுகிறவள் மாதிரி.

நேற்று புதிதாக ஆறு பேர்.
"நிரோஷா, யூ பிரேக் தி ஐஸ்" என்றார்கள்.

என் பெயர் நிரோஷா.
வீடு காசிமேடு.
அண்ணன் ஐஸ் உடைக்கிறான்.

ஜோக் என்று நினைத்து
ஐந்து பேர் சிரித்தார்கள்.
கடைசி நாற்காலியில் எண்ணூர்ப் பையன்
சிரிக்கவில்லை.

"இப்போ பார் என்னா ரேட்டுக்கா போவுது?" என்றான்.