பாதி வட்டம்

எல்லையில் நிற்கிற தென்னையின் அடி
வெடித்துக் கசிகிறது,
தேயிலைச் சாயம் போல ஒன்று.
யாரோ வெற்றிலை துப்பியதென்று நினைத்து
குலவீரசிங்கத்தாரை மனதுக்குள் ஏசினேன்.

மூன்று மாரியாக அவரோடு பேச்சில்லை.
உடையார்கட்டுக் குளம் வான் பாய்ந்த வருசம்
தன் வளவு வெள்ளத்தை
வாய்க்கால் வெட்டி என் பக்கம் விட்டார்.
பத்தொன்பது நாள்
கணுக்கால் தண்ணீரில் நின்றன என் மரங்கள்.
பிரதேச சபை வரைக்கும் போனோம்,
ஒரே பஸ்ஸில்,
அவர் முன் சீற்றில், நான் பின் சீற்றில்.

தெங்குச் சபையிலிருந்து வந்த திலக்சனா
ஹெல்மெட்டைக் கழற்றாமலே குந்தியிருந்து
கசிவைத் தொட்டு மணந்து பார்த்தாள்.
கீழ் ஓலைகள் தொங்குவதைக் காட்டினாள்.
"வேர் அழுகல், அம்மா.
மண்ணுக்குள்ளால நடக்கும்.
வேரும் வேரும் தொட்டால் அடுத்த மரம்."

மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி
இரண்டடி ஆழத்துக்கு, ஓரடி அகலத்துக்கு
கிடங்கு வெட்ட வேண்டும்.
முழு வட்டமாக.
"பாதி வெட்டினால் வெட்டாததுக்குச் சமன்."

மரத்திலிருந்து வேலிக்கு இரண்டடி.
மிச்ச மூன்றடி
குலவீரசிங்கத்தாரின் உறுதியில் கிடக்கிறது.

என் பாதியை வெட்டினேன்.
அலவாங்கு ஒரு இடத்தில்
இரும்பில் பட்டது.
கை தானாக நின்றது.
காகம் கத்தியது, தூரத்தில் உழவு மெசின்,
எல்லாம் கேட்டபடி அசையாமல் நின்றேன்.
கன நேரத்துக்குப் பிறகு
விரலால் மண்ணைத் தள்ளினால்
சைக்கிளின் பல்லுச் சக்கரம்.
சிரிப்பு வரவில்லை.

அழுகின வேர்கள் இழுக்க இழுக்க வந்தன,
ஈரக் கயிறு போல,
உள்ளுக்குள் ஒன்றுமில்லாமல்.
சாக்கில் கட்டித் தள்ளிக் கொண்டுபோய் எரித்தேன்.
துருசு ஒரு வாளியில், சுண்ணாம்பு மற்ற வாளியில்,
இரண்டும் பிளாஸ்டிக்; இரும்பு ஆகாது.
கலந்தபின் கத்தியைத் தோய்த்துப் பார்க்க வேண்டும்:
அலகு சிவந்தால் சுண்ணாம்பு காணாது.
மூன்று தரம் சிவந்தது.
நாலாம் தரம் வெறும் கத்தி.
நீலத் தண்ணீரை மண் குடித்தது.
வேப்பம் பிண்ணாக்கும் போட்டேன்.

இனி மருந்து.
பென்சில் மொத்தத்தில் உயிருள்ள வேரொன்றைச்
சரிவாய் வெட்டி, மருந்துப் பையில் நுழைத்து
வாயை இறுக்கிக் கட்டவேண்டும்,
சேலைன் ஏற்றுகிற மாதிரி.
என் பக்கம் முழுக்கத் தேடினேன்.
ஒன்றுகூட உயிரோடு இல்லை.

அப்போதுதான் விளங்கியது.
மூன்று மாரித் தண்ணீரும் என் பக்கம் நிற்க
மரம் வேலிக்குக் கீழால் போய்
அவருடைய காய்ந்த மேட்டில்
மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

கதியாலுக்கு இந்தப் பக்கம் நின்று
"உங்களைத்தான்" என்றேன்.
மூன்று வருசத்துக்கு அந்த ஒரு சொல்.
அவர் கேட்டதாகக் காட்டவில்லை.
வீட்டுக்குள் போனார்.
நான் பையைச் சுருட்டி இடுப்பில் செருகினேன்.

மண்வெட்டியோடு திரும்பி வந்தார்.

வெட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.
அவருடைய மண்ணில் வேர்கள்
வெட்டின இடமெல்லாம் வெள்ளையாய், ஈரமாய்.
ஒன்றைப் பிடித்துத் தந்தார்,
கம்பிக்குக் கீழால் நான் பையைக் கட்டினேன்.
"எத்தனை நாளைக்குப் பிடுங்கக்கூடாது?"
"நாப்பத்தைஞ்சு."
"விழுகிறதையும் எடுக்கக்கூடாதோ?"
அப்போதுதான் தெரிந்தது,
இத்தனை நாளும் என் தேங்காய்கள்
எந்தச் சட்டியில் வெந்ததென்று.

வாய்க்காலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.
நானும் திறக்கவில்லை.
ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது.

விடியப் பார்த்தேன்.
பை சூம்பிப் போயிருந்தது.
மரம் குடித்ததோ,
முடிச்சால் ஒழுகியதோ.
வேலிக்கு அந்தப் பக்கம்
அவரும் குனிந்து
மண் ஈரமோவென்று தொட்டுக்கொண்டிருந்தார்.