ஒன்பதில் ஏழு

தெல்லிப்பழை. வியாழன். இருபத்தெட்டாம் இலக்கம்.
கிளினிக் கொப்பியில் எனக்கு முன்னால் நாலு கையெழுத்து:
ஒருவர் மனச்சோர்வு என்கிறார்,
ஒருவர் இருதுருவம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
ஒருவர் யுத்தத்தின் வடு,
நாலாமவர் எழுதியதை வாசிக்க முடியவில்லை,
குளிசையின் பெயர் மட்டும் தெளிவு.

விதுர்ஷிகா, வயது இருபத்துமூன்று.
"என்ன வருத்தம்?" என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம்.
நோய்க்கும் துக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எதை எதிலிருந்து பிரிப்பேன் நான்?

முதல் மாதம்
என்னைப்போல ஒரு டொக்டர் இலங்கையிலேயே இல்லை.
இரண்டாம் மாதம்
நான் பின்னேரப் பிரைவேட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவன்.
ஒரே வாய்.
இரண்டையும் நம்பாமலிருக்கத்தான் எனக்குப் படிப்பித்தார்கள்.
முதலாவதை நம்பாமலிருப்பது
இன்றைக்கும் கஷ்டம்.

வாட்டில் அவளால் இரண்டு கட்சி.
"பாவம் டொக்டர், தாய் தகப்பன் இல்லாத பிள்ளை."
"நடிக்கிறா டொக்டர்" — இது புஸ்பகாந்தி மிஸ்ஸி.
இரவு இரண்டு மணிக்கு அவளின் கையைத் தைக்கும்வரை
மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும்
அதே மிஸ்ஸிதான்.

ஆளுமைக் கோளாறு.
ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் செத்தால்
'பேராளுமை சரிந்தது' என்று பேப்பரில் கால்பக்கம் போடுகிற ஊர் இது.
அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆள் இருக்கிறார்,
ஆளுகிறவரும் இருக்கிறார்.
எட்டு வயதில் பங்கர், ஒன்பதில் செட்டிகுளம்,
பத்தில் பெரியம்மா வீடு, அதற்குப் பிறகு விடுதி, இன்னொரு விடுதி.
ஆளாகுமுன்னமே இத்தனை இடம் மாறியவளிடம்
உன் ஆளுமையில் பிழை என்று எந்த வாயால் சொல்வது?
சொல்லாமல் விட்டால்
ஐந்தாவது கையெழுத்தும் ஒரு குளிசை.

சொன்னேன்.
ஒன்பது குணங்குறி, ஐந்து இருந்தால் போதும்.
விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற நடுக்கம்,
நடு நெஞ்சில் ஆளில்லாத ஒரு வீடு,
சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற கோபம்...
வாசிக்க வாசிக்க அவள் விரல் மடித்தாள்.

"ஓ.எல்லுக்கும் ஒன்பது பாடம்தானே டொக்டர்.
அதில எனக்கு அஞ்சுதான். இதில எத்தினை?"

"ஏழு."

"பரவாயில்லை. பெரியம்மாட்டச் சொல்லலாம்."

யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை.
மிஸ்ஸி கதவைத் திறந்து பார்த்துவிட்டு
மெதுவாய்ச் சாத்தினா.

இதற்கென்று ஒரு குளிசை இல்லை.
மருந்து எடுக்க இல்லையென்றால் ஆஸ்பத்திரி என்னத்துக்கு
என்று பெரியம்மா கேட்கிறா. நியாயமான கேள்வி.
அதே கதிரை. அதே நாற்பது நிமிடம். வியாழன் என்றால் வியாழன்.
கை துடித்தால், துடித்த கையால் முதலில் வாட்டுக்கு ஒரு கோல்;
எடுப்பது எவராயினும் ஒரே குரலில் பதில்.
எழுத மூன்று வரி,
செய்ய இரண்டு வருடம்,
கரண்ட் இருந்தாலும் போனாலும்.

ஆவணியில் எனக்குக் கண்டியில் பயிற்சி, பதினாறு நாள்.
ஐந்து கிழமைக்கு முன்னமே கலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினேன்.
கொப்பியை நாலாய்க் கிழித்து மேசையில் போட்டாள்,
பிறகு தானே பொறுக்கி எடுத்தாள்.
"போங்கோ. எல்லாரும் போற ஆக்கள்தானே."

திரும்பி வந்த அன்று வோச்சர் அருளப்பு சொன்னார்:
"அந்தப் பிள்ளை ரெண்டு வியாழனும் வந்தது ஐயா.
பூட்டின அறைக்கு முன்னால
நாப்பது நிமிசம் இருந்திட்டு எழும்பிப் போனது."

இன்றைக்குக் கொப்பி பிளாஸ்டர் ஒட்டி வந்திருக்கிறது.
துண்டுகள் இடம் மாறியதில்
அந்தக் கேள்விக்குறி
என் கையெழுத்துக்குப் பக்கத்தில்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

"கண்டி குளிரோ?" என்கிறாள், யன்னலைப் பார்த்துக்கொண்டு.
"குளிர்."
"நல்லா வேணும்."

இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது.