தரை போடாத ஆட்டம்

வால்பரைசோவில் மூடுபனி இறங்கும் நாட்களில்
நான் கண்ணால் வேலை செய்வதில்லை, காதால்தான்.
மணி அடித்தால் நெம்புகோலை இழுப்பேன்.
ஒரு மரப்பெட்டி ஆட்களோடு மலையேறும்,
அதே கம்பியின் மறுமுனையில் இன்னொன்று இறங்கும்.
நாளுக்கு நூற்றுப்பத்து தடவை.
நடுவே கிடைக்கும் நாலு நாலு நிமிடத்தில்
கிழித்த டிக்கெட்டுகளின் முதுகில்
வீடியோ கேம் எழுதுகிறேன்.

எழுதுகிறேன் என்றால், இரண்டு வரி, மூன்று வரி.
கணினி மொழியெல்லாம் எனக்கு வராது.

நீ ஒரு தெருநாய்.
ஒவ்வொரு தெருவிலும் உனக்கு வேறு பெயர்.
எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறாயோ
அந்தத் தெருவில் இன்றிரவு தூங்கலாம்.
இது செப்டம்பரில் எழுதியது.
ஓரத்தில் காபிக் கறை,
ஊரின் வரைபடமாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றில் துறைமுகத்துக் கன்டெய்னர்கள்.
அடுக்க வேண்டாம்,
தகரத்தில் காதை வைத்து
உள்ளே இருப்பது என்னவென்று சொல்ல வேண்டும்.
தப்பாகச் சொன்னால்
சொன்னது உள்ளே உண்டாகிவிடும்.
நானே மனதுக்குள் ஆடிப் பார்த்தேன்.
பியானோ என்றேன்.
இனி யார் தலையில் கட்டுவது அந்தப் பியானோவை?

நிலநடுக்கம் வைத்து ஒன்று தொடங்கினேன்.
அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள
எங்கள் வீட்டுச் சுவருக்கு இன்னும் மனம் வரவில்லை.
கிழித்துப் போட்டேன்.

எவரிஸ்தோவுக்கு மட்டும் காட்டுவேன்.
அடிவாரத்தில் பிரிண்டர் பழுது பார்ப்பவன்,
இரவில் ஏதோ நிரல் எழுதிப் பழகுபவன்.
எதைக் காட்டினாலும் ஒரே கேள்வி:
"எதிரி யாரு?"
எதிரி இல்லை.
"அப்போ எப்படித் தோக்கிறது?"
தோற்க எதிரி எதற்கு எவரிஸ்தோ,
நீயும் நானும் யாரோடு மோதி
இந்த முப்பத்தெட்டு வயதுக்கு வந்து சேர்ந்தோம்?

பிறகு அவன் வடக்கே போனான்,
அன்டோஃபகாஸ்டாவுக்கு அப்பால், பாலைவனத்தில்,
சுரங்கக் கம்பெனியின் பிரிண்டர்களுக்கு.
அந்த வாரம் எழுதியதைப் படமெடுத்து அனுப்பினேன்:

இருவர் ஆடும் ஆட்டம்.
ஒரே கம்பி, இரண்டு முனை.
நீ இறங்கினால்தான் நான் ஏற முடியும்.
பாதி வழியில் ஒரு நொடி
ஜன்னலும் ஜன்னலும் நேருக்கு நேர்.
அந்த நொடியில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.
மற்ற நேரமெல்லாம் வெறும் எடை.

நாலு மாதம் பதில் இல்லை.
எதிரி யார் என்றுகூட இல்லை.

ஜூலையில் மூன்று நாள் மழை,
பெட்டிகளை நிறுத்திவிட்டார்கள்.
அன்றிரவு ஒரு கோப்பு வந்தது, பெயர் "சோதனை 3".
தவணை முடியாத லேப்டாப்பில் திறந்தால்
சாம்பல் நிறம்.
அதில் இரண்டு கனசதுரம்,
ஒன்று கொஞ்சம் குறைந்த சாம்பல்.
மலை இல்லை. பனி இல்லை. ஜன்னல் இல்லை.

"இறங்கு" என்றான் போனில்.
கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினேன்.
ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்
தகரக் குடியிருப்பு ஒன்றில்
என் விரல் பாரத்தில் ஏதோ மேலே போனது.
அவன் மூச்சு விட்டது கேட்டது.

பாதி வழி.
"இங்க என்ன வைக்கிறது?"
தெரியவில்லை.
"நீதான எழுதின?"
நொடி வரை எழுதினேன். நொடிக்குள் எழுதவில்லை.

இணைப்பு மந்தம்.
என் திரையில் அவன் கடந்து போய்விட்டான்,
அவன் திரையில் நான் இன்னும் வந்து சேரவில்லை.
இரண்டு பேருக்கும் அந்த நொடி கிடைத்தது,
தனித்தனியாக.

அப்புறம் என் கனசதுரம்
அடிவாரத்தைத் தாண்டி விழத் தொடங்கியது.
"ஐயோ நிவியா, தரை போட மறந்துட்டேன்."
நான் விழ விழ
அவன் ஏறிக்கொண்டே இருந்தான்,
நிலையம் இல்லாத உயரத்துக்கு.
"நிறுத்திடவா?"

இரு.
எதுவரைக்கும் போகிறாய் என்று பார்.
"கீழ என்ன தெரியுது?"
சாம்பல்தான். அங்கே?
"இங்கயும்" என்றான்.
சிரித்தானா, இணைப்பு இரைந்ததா,
மழையில் சரியாகக் கேட்கவில்லை.